கழுத்தைத் திருகியது பேய் அல்ல, வாந்தி மருந்து!

அந்தப் பெண்ணுக்கு வயது பதினாறு. நேற்று மாலை வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள். இன்று காலையில் திடீரென்று கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. கண்கள் இரண்டும் மேலே செருகி அப்படியே நிற்கின்றன. நாக்கு வெளியே தள்ளுகிறது. பேச முயன்றால் வாய் குழறுகிறது.

நினைவு மட்டும் தவறவில்லை. கூப்பிட்டால் தெரிகிறது. பயத்தில் கண்ணீர் வழிகிறது.

"எம்மா கோமதி! பிள்ளைக்கு என்னமோ அடிச்சிட்டே!" என்று பாட்டி அலறுகிறாள்.

"இது வலிப்பு. கையிலே இரும்பைக் குடுங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

முந்தின நாள் நடந்தது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. முந்தின நாள் அவளுக்கு ஓயாத வாந்தி. அதை நிறுத்த ஊசி போட்டார்கள். மூன்று வேளைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். வாந்தி நின்றுவிட்டது. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

கழுத்தைத் திருகியது அந்த மருந்துதான்!

இது ஒரு குறிப்பிட்ட வீட்டில் நடந்த கதை அல்ல. எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. மருத்துவப் புத்தகங்களில் இதே அடையாளங்கள் ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருக்கின்றன.

சக்கரக் குழி

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம்.

அங்கே சங்கரநாராயணர் கோவிலில், கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் ஒரு சக்கரக் குழி உண்டு. மனம் பேதலித்தவர்களும், பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிறவர்களும் அதில் உட்கார்ந்து அம்மனை வேண்டுவார்கள். புற்று மண்ணை எடுத்துப் பூசிக்கொள்வார்கள். இதற்காகவே வெளியூர்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள்.

ஆடித் தபசு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டு நாள் திருவிழா. ஊர் கொள்ளாத கூட்டம். வெயிலில் நிற்பதும், கிடைத்த இடத்தில் சாப்பிடுவதும், கிடைத்த தண்ணீரைக் குடிப்பதும் சகஜம். வாந்தியும் பேதியும் பின்னாலேயே வந்துவிடும்.

அம்மனை வேண்டிக்கொள்வதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. புற்று மண்ணையும் நெற்றியில் பூசிக்கொள்ளலாம். (வாந்தி எடுக்கும் குழந்தையின் வாயில் மட்டும் போட வேண்டாம்.) ஆனால், கழுத்துத் திருகிய பிள்ளையை முதலில் கொண்டுபோக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. இதற்கு மாற்று ஊசி அங்கேதான் இருக்கிறது.

மூளையிலிருந்து வரும் உத்தரவு

வாந்தி வயிற்றிலிருந்து வெளியே வந்தாலும், அதற்கு உத்தரவு கொடுப்பது மூளை. மூளையின் அடிப்பக்கத்தில் காவல்காரன் போல ஒரு சிறு பகுதி இருக்கிறது. இரத்தத்தில் வேண்டாத பொருள் கலந்தால், "வெளியே தள்ளு!" என்று அது கட்டளை போடும். அந்தக் கட்டளையைக் கொண்டுபோகும் ரசாயனங்களில் ஒன்றுக்கு டோபமின் என்று பெயர்.

டோபமினை மறித்துவிட்டால் வாந்தி நிற்கும். அந்த வேலையைச் செய்கிற மருந்துதான் மெடோகுளோப்ரமைடு. 1964-ல் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் இதைப் பற்றி எழுதினார்கள். நம் ஊர் மருந்துக் கடைகளில் "பெரினார்ம்" என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த மருந்து. மலிவானது. நன்றாக வேலை செய்யும்.

பிறகு தொல்லை எங்கே வருகிறது?

கை, கால், கழுத்து, கண் ஆகியவற்றின் அசைவை ஒழுங்குபடுத்துவதும் இதே டோபமின்தான்! ஒரு விளக்கை அணைக்கப்போன ஆள் பக்கத்துச் சுவிட்சையும் சேர்த்துத் தட்டிவிட்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடக்கிறது. தசைகள் தாமாக இழுத்துக்கொள்கின்றன.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. வழக்கமான அளவில் சாப்பிடும் பெரியவர்களில் 500 பேருக்கு ஒருவர் என்று கணக்கு. சிறுவர் சிறுமியருக்கும், முப்பது வயதுக்கு உட்பட்ட வாலிபர்களுக்கும் இது அதிகம் வருகிறது. பெரும்பாலும், மருந்து தொடங்கிய ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்குள் வந்துவிடும். தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுக்கப்படும் "ஸ்டெமெடில்" மருந்தும் இதே ரகம். அதனாலும் கழுத்துத் திருகலாம்.

இன்னொரு விதமான தொல்லையும் உண்டு. இந்த ஊசியை நரம்பில் வேகமாக ஏற்றினால் நோயாளிக்குத் தாங்க முடியாத படபடப்பு வரும். உட்கார முடியாது. படுக்க முடியாது. குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடப் பார்ப்பார். "கிறுக்குப் பிடித்துவிட்டதா?" என்று உறவினர்கள் திகைப்பார்கள். அதே ஊசியை மெதுவாகப் போட்டால் இந்த ஆபத்து குறையும். குறைந்தது மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2013-ல் அறிவித்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஐந்து நாட்களுக்கு மேல் நீட்டக் கூடாது என்றும் அது சொன்னது.

அவசரப் பிரிவில் நர்சு ஊசியை மெல்ல மெல்ல ஏற்றினால், "சீக்கிரம் போடுங்கம்மா" என்று விரட்டாதீர்கள். அவர் செய்வதுதான் சரி.

அரைமணியில் நேரானது!

கழுத்துத் திருகிய பெண்ணிடம் திரும்புவோம்.

பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கிறதே தவிர, இதைப் போல விரைவாகத் தீரும் கோளாறு அதிகம் இல்லை. டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "நேற்று என்ன மருந்து சாப்பிட்டாள்?" என்பதாக இருக்கும். மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினால் பாதி வேலை முடிந்தது. அட்டை இல்லை என்றால், வலிப்பா, ரண ஜன்னியா, மூளைக் காய்ச்சலா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் அரைமணிக்குள் கழுத்து நேராகிவிடும். கண் கீழே இறங்கும். பேச்சுத் தெளியும். மறுபடி இழுக்காமல் இருக்க இரண்டு மூன்று நாளைக்கு மாத்திரை தருவார்கள். நாக்கு இழுத்து, மூச்சுவிடச் சிரமப்பட்டால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அந்த மாற்று ஊசிகளில் ஒன்றின் பெயர் புரோமெதசின். "பெனர்கான்" என்றால் தெரியும். வேடிக்கை என்னவென்றால், இதுவும் ஒரு வாந்தி மருந்துதான்! ஒரு வாந்தி மருந்து செய்த கோளாறை இன்னொரு வாந்தி மருந்து தீர்த்துவைக்கிறது.

ஆனால் இதே பெனர்கான், அமெரிக்காவில் ஒரு பெண்மணியின் கையையே பறித்துவிட்டது.

கையை இழந்த இசைக் கலைஞர்

அவர் பெயர் டயானா லெவின். வெர்மான்ட் மாநிலத்துக்காரர். கித்தார் வாசிப்பவர்.

2000-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். கடுமையான ஒற்றைத் தலைவலியும் குமட்டலுமாக மருத்துவ நிலையத்துக்குப் போனார். முதலில் சதையில் ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. அன்றே மறுபடியும் வந்தார். இந்தத் தடவை மருந்தை நேராகக் கை இரத்தக் குழாயில் ஏற்றினார்கள்.

சிரைக்குள் போக வேண்டிய மருந்து, தமனிக்குள் புகுந்துவிட்டது. பெனர்கான் தமனியில் பட்டால் இரத்த ஓட்டமே நின்று சதை அழுகிவிடும். அப்படித்தான் ஆயிற்று. விரல்கள் கறுத்தன. முதலில் வலது கையை எடுத்தார்கள். பிறகு முன்னங்கையையும் எடுத்தார்கள்.

கித்தார் வாசித்த கை போய்விட்டது!

லெவின், மருந்து தயாரித்த வையெத் கம்பெனி மீது வழக்குப் போட்டார். "நேராக இரத்தக் குழாயில் ஏற்றினால் இவ்வளவு ஆபத்து என்று போதுமான எச்சரிக்கை தரவில்லை" என்பது அவருடைய வாதம். வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2009 மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். லெவின் வென்றார். நஷ்டஈடு சுமார் 67 லட்சம் டாலர். அதே ஆண்டு, பெனர்கானைப் போட ஏற்ற இடம் ஆழமான சதைதான் என்று கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா போட வைத்தது.

அதற்கு முன்பே, 2004-ல், இன்னொரு எச்சரிக்கையும் வந்திருந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெனர்கான் கூடாது. தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடலாம். "பிள்ளை ராத்திரி அழாமல் தூங்கும்" என்று யாராவது இந்த மருந்தைச் சிபாரிசு செய்தால், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

எடை பார்ப்பது எதற்கு?

இப்போது ஆஸ்பத்திரிகளில் அதிகமாகப் பயன்படுவது ஒண்டான்செட்ரான். "எமிசெட்" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். இது டோபமின் பக்கம் போவதில்லை. செரடோனின் என்ற வேறொரு ரசாயனத்தை மறிக்கிறது. அதனால் கழுத்துத் திருகுவது மிக மிக அபூர்வம். முதலில் புற்றுநோய் மருந்தினால் வரும் வாந்திக்காக வந்த மருந்து இது. அமெரிக்காவில் 1991-ல் அனுமதி பெற்றது.

குழந்தைகளின் வாந்தி பேதிக்கு இது பயன்படுமா என்று சிகாகோ நகரத்தில் சோதித்தார்கள். அவசரப் பிரிவுக்கு வந்த 215 குழந்தைகளில் பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மருந்து சாப்பிட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 14 பேர்தான் மறுபடி வாந்தி எடுத்தார்கள். மற்றவர்களில் 35 பேர் எடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய அவசியமும் பாதிக்கு மேல் குறைந்தது. 2006-ல் இந்த முடிவு வெளிவந்தது.

கொடுத்தது ஒரே ஒரு வேளைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். எடையைப் பார்த்துக் கொடுத்தார்கள். 15 கிலோ வரை 2 மில்லிகிராம், 30 கிலோ வரை 4, அதற்கு மேல் 8. மருந்து சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பேதி கொஞ்சம் கூடியது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தூக்கித் தராசில் வைக்கிறார்கள். "வாந்தி எடுக்கிற பிள்ளையை எடை பார்க்கிறார்களே!" என்று கோபித்துக்கொள்ளக் கூடாது. அண்ணனுக்கு வாங்கின மருந்தில் மிச்சத்தைத் தம்பிக்குக் கொடுப்பதும் கூடாது.

இந்த மருந்திலும் ஒரு முள் இருக்கிறது. சிலருக்கு இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துவிடும். இருதய நோய் உள்ளவர்கள், துடிப்புக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வாந்தி பேதியில் உடம்பின் உப்புச்சத்து இறங்கிப்போனவர்கள் ஆகியோருக்கு டாக்டர் முதலில் இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். "டாம்ஸ்டால்" என்ற பெயரில் விற்கும் டாம்பெரிடோனுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதை ஒரு வாரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம் என்று ஐரோப்பாவில் 2014-ல் சொன்னார்கள். நம் ஊரிலோ, இரைப்பை மாத்திரையோடு சேர்ந்த கலவையாக அதை மாதக் கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்!

கர்ப்பிணிகளின் மசக்கை வாந்திக்கு இன்று டாக்டர்கள் தருகிற, நன்கு பழகிய மருந்துகள் உண்டு. கடையில் தாமாகக் கேட்டு வாங்குவதுதான் ஆபத்து. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்தை மசக்கைக்காகச் சாப்பிட்ட தாய்மார்கள் பல நாடுகளில் இருந்தார்கள். 1961-ல் அது நிறுத்தப்படுவதற்குள், கையும் காலும் குறைந்த குழந்தைகள் பத்தாயிரத்துக்கும் மேல் பிறந்துவிட்டன.

வாந்தி நின்றது, நோய் நிற்கவில்லை

மருந்தே இல்லாமல் இருப்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வாந்தி நின்றதும், நோயே தீர்ந்துவிட்டதாக நினைத்துவிடுவது.

சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் அதிகம். விடியற்காலையில் ஒருவருக்கு வயிற்று வலி. இரண்டு தடவை வாந்தி. "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று மாத்திரை போட்டுக்கொள்கிறார். வாந்தி நிற்கிறது. சிறிது நேரத்தில் கண் இமை இரண்டும் தொங்கிவிடுகின்றன. கண்ணைத் திறக்கவே முடியவில்லை!

கட்டுவிரியன் கடி இப்படித்தான் தொடங்கும். அது இரவில், தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலி அதிகம் தெரியாது. பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். இமை தொங்கினால் அடுத்து மூச்சு அடங்கும். இதற்கு வேண்டியது வாந்தி மாத்திரை அல்ல. பாம்பு விஷ முறிவு மருந்து.

மார்பு வலியே இல்லாமல், வியர்வையும் வாந்தியும் மேல்வயிற்றில் ஒரு பிசைவுமாக மாரடைப்பு வருவது உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் இது அதிகம். "வாயு" என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தால் அது மூளையின் கூக்குரல். கைக்குழந்தை பச்சை நிறமாக வாந்தி எடுத்தால் குடல் அடைத்திருக்கலாம். அறுவை வைத்தியம் தேவைப்படும். சர்க்கரை நோயாளி வாந்தியோடு மேல்மூச்சு வாங்கினால் இரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவர் வாந்தி எடுத்தால், அந்த டப்பாவையும் உடன் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து மேலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வெளியே வரும் விஷம் நுரையீரலுக்குள் போய்விடும்.

இவை எதையும் பார்க்காமல் வாந்தியை மட்டும் நிறுத்துவது, ஊளையிடும் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனைத் தப்பவிடுவது போல.

ஸ்பிரிட் பஞ்சும் உப்புத் தண்ணீரும்

வாந்தி என்றாலே ஊசி என்று நாம் பழகிவிட்டோம். மெல்போர்ன் நகரத்தில் அவசரப் பிரிவுக்கு வந்த 270 பெரியவர்களைப் பிரித்து, சிலருக்கு ஒண்டான்செட்ரானும், சிலருக்கு மெடோகுளோப்ரமைடும், சிலருக்கு வெறும் உப்பு நீர் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். அரைமணி கழித்து எல்லோருக்குமே குமட்டல் ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்திருந்தது! 2014-ல் வந்த முடிவு இது.

அதைவிட ஆச்சரியம், ஊசி போடுமுன் தோலைத் துடைக்கிறார்களே, அந்த ஸ்பிரிட் பஞ்சு. அதை மூக்கருகே பிடித்து முகர்ந்தாலே பெரியவர்களுக்குக் குமட்டல் குறைகிறது என்று அமெரிக்க டாக்டர்கள் 2016-ல் கண்டார்கள். ஆஸ்பத்திரியில் சிறிது நேரம் முகர்வதற்கு மட்டும்தான் இது, குடிப்பதற்கு அல்ல.

குழந்தைக்கு வாந்தி பேதியென்றால் உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல். 1971-ல் வங்காள தேச யுத்தத்தின்போது அகதிகள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்தார்கள். பன்காவ்ன் முகாமில் காலரா. ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து, தாய்மாரையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தார்கள்.

பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ, அதே அளவில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். டம்ளரோடு குடிக்க வைத்தால் பிள்ளை கக்கிவிடும். ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. கக்கினால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். பிள்ளை சோர்ந்து துவண்டாலும், கண் உள்ளே போனாலும், சிறுநீர் போகாமல் இருந்தாலும், வாந்தியில் இரத்தம் கண்டாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மூன்றாவது கேள்வி

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்பார்: வயது என்ன? எப்போதிலிருந்து வாந்தி? மூன்றாவதாக, "இதற்கு முன்னால் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" என்று கேட்பார். இங்கேதான் நம்மவர்கள் வாய் மூடிக்கொள்கிறார்கள். கடையில் தாமாக வாங்கியதைச் சொன்னால் திட்டுவார் என்று பயம். திட்டினால் திட்டட்டும். காலையில் கடை மாத்திரையில் உள்ளே போன அதே மருந்து, மாலையில் ஊசியாக மறுபடியும் போகக் கூடாது அல்லவா? கர்ப்பமாக இருந்தாலும், இருதய நோய், வலிப்பு, சர்க்கரை இருந்தாலும், கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை ஒரு மருந்தினால் கழுத்துத் திருகியவருக்கு, அதே மருந்து மறுபடியும் அதைச் செய்யலாம். ஆகவே அதன் பெயரைச் சீட்டில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். மருந்தினால் வந்த கோளாறுகளைக் கேட்டுப் பதிவு செய்ய மத்திய அரசாங்கமும் 2010 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. வீட்டில் உள்ளவர்களே சொல்லலாம். இலவச டெலிபோன் எண்: 1800 180 3024.